சின்னப் பிள்ளைகள் யார்? – ஒரு திரைப்படமும் சில கேள்விகளும்

வயது வந்தவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? வாக்குரிமை பெற்றவரையா? திருமணம் முடித்தவரையா? பிள்ளை பெற்றவரையா? "அவன் இப்ப குடும்பகாரன்", "அவள் இரண்டு பிள்ளைக்குத் தாய்" என்று சொல்லும்போதே, பொறுப்பும் அவர்களோடு கூடவே வந்து சேர்ந்துவிட்டது என எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அப்படித்தான் நடக்கிறதா?

2006 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்கத் திரைப்படம் இந்தக் கேள்வியைக் கேட்கிறது. படத்தின் பெயர் 'லிற்றில் சில்ட்ரன்'. சின்னப் பிள்ளைகள் என்று பொருள். படத்தில் நான்கைந்து வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் பெயர் அவர்களைக் குறிப்பதல்ல. அவர்களைப் பெற்றவர்களைக் குறிக்கிறது என்பது படம் முடியும்போது விளங்கும்.

நெறியாளர் ரொட் ஃபீல்ட். 2004 இல் ரொம் பெரொற்றா எழுதிய நாவலை வைத்து, இருவரும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். சாராவாக கேற் வின்ஸ்லெற், பிராட்டாக பற்றிக் வில்சன், பிராட்டின் மனைவி கேத்தியாக ஜெனிபர் கொனலி நடித்துள்ளார்கள். சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகர், சிறந்த தழுவல் திரைக்கதை என மூன்று ஒஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை.

வளர்ந்தோர் மட்டும் பார்க்கத்தக்க காட்சிகள் பல உள்ள படம் இது. ஆகவே இதனைப் பெண்கள் குழுவொன்றில் போட்டுக் காட்ட முடியாது. ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் கிழமைக்கு ஒரு நாள் செல்லும் தையல் வகுப்பில், தேநீர் வேளையில், இதனைக் கதையாகச் சொன்னேன். ஒரே நாளில் முடியவில்லை; மூன்று கிழமைகள் சென்றன. இரண்டாவது கிழமை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மிஸ், அவள் போனாளோ, இருந்தாளோ?" என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன். ஏனெனில் படம் பார்த்தபோது எனக்கு விளங்காத சில விடயங்கள், அவர்கள் கதைத்த பிறகே விளங்கின.

பூங்கா வாங்கில் தாய்மார்

மசாசுசெற்ஸ் மாநிலத்தில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு சிறு நகர். வரிசையாக வீடுகள், வெட்டப்பட்ட புல்தரை, வாசலில் கார். சிறுவர் பூங்காவின் வாங்கில் தாய்மார் அமர்ந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்கு நித்திரை என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் நேர அட்டவணை உண்டு. அவர்களிடமிருந்து சற்று விலகி இருப்பவள் சாரா. இலக்கியத்தில் உயர்பட்டப் படிப்பை இடையில் நிறுத்தியவள். தன் மகள் லூசியைப் பார்க்கும்போது சில வேளைகளில் 'இது யாருடைய பிள்ளை' என்பதுபோல் விழிப்பாள். அவள் கெட்ட தாயல்ல. தான் வாழ நினைத்த வாழ்க்கையும் வாழ்ந்துகொண்டிருக்கும் வாழ்க்கையும் ஒன்றல்ல என்ற கவலையில் மூழ்கியவள்.

அந்தப் பூங்காவுக்கு ஓர் ஆண் தன் மகனை அழைத்து வருகிறான். அவன்தான் பிராட். மனைவி வேலைக்குப் போகிறாள். அவன் வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்க்கிறான். வாங்கில் இருக்கும் தாய்மாருக்கு அவன் பெயர் தெரியாது. பாடசாலை விழாவில் ராஜாவாகத் தெரிவாகும் அழகனின் பட்டத்தையே அவனுக்குச் சூட்டி, தங்களுக்குள் குசுகுசுக்கிறார்கள். அவனுடைய தொலைபேசி இலக்கத்தை வாங்க முடியுமா என்று சாராவிடம் பந்தயம் கட்டுகிறார்கள். அவள் போய்ப் பேசுகிறாள். அந்தத் தாய்மாரை அதிர்ச்சிக்குள்ளாக்குவோம் என்று இருவரும் விளையாட்டாகக் கட்டியணைத்து முத்தமிடுகிறார்கள். தாய்மார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வெளியேறுகிறார்கள். விளையாட்டு அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

இவ்விடத்தில் வகுப்பில் ஓர் இளம் பெண் தலையை நிமிர்த்தினாள். கணவரைப் போரில் இழந்தவள். "அந்த வாங்கில இருக்கிற பொம்பிளையள் எங்கட ஊரிலயும் இருக்கினம், மிஸ். இஞ்ச வாங்கு இல்லை, கிணத்தடி. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். தன் வீட்டுக்கு மின்குமிழ் பூட்ட ஒரு தம்பி வந்தபோது, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, வெயிலில் முற்றத்தில் நின்றதாகச் சொன்னாள். அப்படி நின்றும் கதை வந்ததாம். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை இருந்தது.

போருக்குப் பின் கட்டிய ஊர்கள்

"அவளுக்கு என்ன குறை, மிஸ்? கல்வீடு இருக்கு, கார் இருக்கு, புருசன் உழைக்கிறான். குண்டு ஒண்டும் விழேல்லையே" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, அந்த ஊர்கள் எப்படித் தோன்றின என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்கப் புறநகர்களின் பெரும் வளர்ச்சியும் ஒரு போருக்குப் பின் வந்ததுதான். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வீட்டுக்கடன் முதலிய உதவிகளை வழங்க 1944 இல் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. 1947 இல் நியூயோர்க் நகருக்கு அருகே, லோங் ஐலன்ட்டின் உருளைக்கிழங்குத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் லெவிற்றவுன் என்ற குடியிருப்பைக் கட்டத் தொடங்கினார்கள். 1951 அளவில் அங்கே 17,000 இற்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஏறக்குறைய எல்லாமே ஒரே சாயல். தொடக்கத்தில் கறுப்பின மக்களுக்கு அங்கே இடம் கொடுக்கப்படவில்லை.

போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் விமானத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த பெண்கள், போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆண் காலையில் நகருக்கு வேலைக்குச் செல்வான்; பெண் வீட்டையும் பிள்ளைகளையும் பார்ப்பாள். இதுவே மகிழ்ச்சியான குடும்பம் என்று சஞ்சிகைகளும் விளம்பரங்களும் சொல்லிக்கொடுத்தன. ஆனால் அந்த மகிழ்ச்சி எல்லோருக்கும் வாய்க்கவில்லை. பெற்றி ஃபிரீடன் என்ற எழுத்தாளர் 1957 இல் தன்னோடு கல்லூரியில் படித்த பெண்களிடம் கேள்விக்கொத்து ஒன்றைக் கொடுத்து விசாரித்தார். படித்த, வசதியான, திருமணமான அப்பெண்கள் பலரிடம், பெயர் சொல்ல முடியாத ஒரு வெறுமை இருப்பதைக் கண்டார். அதையொட்டி 1963 இல் அவர் எழுதிய நூல் அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தின் புதிய அலைக்கு வழிகோலியது. அவர் வசதி படைத்த வெள்ளையினப் பெண்களை மட்டுமே நினைத்து எழுதினார், ஏழைப் பெண்களும் கறுப்பினப் பெண்களும் என்றைக்கும் வெளியே உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்று பிற்காலத்தில் பெல் ஹூக்ஸ் போன்றோர் விமர்சித்தார்கள். அந்த விமர்சனமும் சரியானதே.

எமது வகுப்பில் உள்ள பெண்களுக்குச் சாராவின் வெறுமை ஒரு வசதியான வருத்தமாகத் தோன்றலாம். தகரக் கொட்டிலில் இருந்து பிள்ளைகளைப் படிப்பித்தவர்களுக்கு அப்படித் தோன்றினால் அதில் பிழையில்லை. ஆனால் ஒருவருடைய நோவை இன்னொருவருடைய நோவோடு நிறுத்துப் பார்த்து, 'உன்னுடையது நோவே இல்லை' என்று சொல்வது எமக்கே பழக்கமான அநீதி. "உனக்குக் கைகால் இருக்குதுதானே, பிறகென்ன" என்று எத்தனை பேர் எமக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

இரண்டு வீடுகள்

சாராவின் கணவன் ரிச்சர்ட் நன்றாக உழைப்பவன். ஆனால் கணினித் திரையில் காசு கட்டிப் பார்க்கும் ஆபாசப் படங்களுக்கு அடிமையாகிவிட்டான். மனைவி அதை நேரிலேயே கண்டுவிடுகிறாள். அதன் பிறகு அந்த வீட்டில் இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழும் அயலவர்கள்.

பிராட்டின் வீட்டில் பிரச்சினை வேறு. அவன் சட்டம் படித்தவன். சட்டத்தரணியாவதற்கான பரீட்சையில் இரண்டு தடவை சித்தியடையத் தவறியவன். நூலகத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று இரவில் புறப்படுபவன், வழியில் சறுக்குப்பலகை ஓட்டும் இளைஞர்களை நின்று பார்த்துக்கொண்டே நேரத்தைப் போக்குவான். அவர்கள் தன்னையும் கூப்பிடமாட்டார்களா என்று ஏங்குவான். முப்பது வயது கடந்த ஒருவன், பிள்ளைப் பருவத்தின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறான். மனைவி கேத்தி விவரணப்படத் தயாரிப்பாளர். ஈராக் போர் ஒரு சிறுவனுடைய வீட்டில் ஏற்படுத்திய துயரைப் படமாக்குகிறாள். ஊரார் பிள்ளையின் துயரைக் காது கொடுத்துக் கேட்பவள், தன் வீட்டுக்குள் நடப்பதைக் காணப் பிந்துகிறாள்.

அவர்களுடைய மகன் ஏரன் பகல் முழுவதும் தலையில் ஒரு கோமாளித் தொப்பியோடு தகப்பனுடன் திரிவான். தாய் வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு அவளிடம் ஓடுவான். பகலெல்லாம் பார்த்த தகப்பன் பார்த்துக்கொண்டு நிற்பான். பிள்ளை வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் இந்தச் சிறு காட்சி விளங்கும்.

கோடைக்காலம். பொது நீச்சல் தடாகத்தில் சாராவும் பிராட்டும் நாள்தோறும் சந்திக்கிறார்கள். முதலில் நட்பு, பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுகிறார்கள். ஒருநாள் மழை. நனைந்த பிள்ளைகள் மாடியில் உறங்க, கீழே உடுப்புத் துவைக்கும் அறையில் உறவு தொடங்குகிறது. பின்னணியில் ஓர் ஆண்குரல் எல்லாவற்றையும் நிதானமாக விளக்கிக்கொண்டிருக்கும். அக்குரல் வில் லைமனுடையது. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 'ஃபிரன்ற்லைன்' என்ற விவரணத் தொடருக்கு நீண்டகாலம் குரல் கொடுத்தவர். அதனால் மனிதர்களை ஆய்வு செய்து பார்ப்பதுபோன்ற ஓர் உணர்வு ஏற்படுகிறது. காதலைப் புகழவுமில்லை, பழிக்கவுமில்லை.

பிறகு கேத்தி சந்தேகப்படுகிறாள். சாரா குடும்பத்தை இரவுச் சாப்பாட்டுக்கு அழைக்கிறாள். மேசையில் ஒருவர் பேச மற்றவர் முடிக்கும் விதத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஒரு சத்தமும் இல்லை. முகம் மட்டும் மாறுகிறது.

இதைச் சொன்னபோது வகுப்பின் மூலையிலிருந்து ஒருவர், "நான் அந்தக் கேத்தி, மிஸ்" என்றார். மீள்குடியேறிய இரண்டாம் வருடத்தில் அவருடைய கணவர் இன்னொரு பெண்ணோடு போய்விட்டார். "அவளுக்கும் ஒரு வெறுமை இருந்திருக்கும், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா எனக்கு இரண்டு பிள்ளை இருக்கு. ராவில அப்பா எங்கையெண்டு கேட்டா நான் எந்த வெறுமையைக் காட்டுறது?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. படம் பார்த்தபோது என் மனம் சாராவோடுதான் இருந்தது. கேத்தியின் பக்கத்திலிருந்து அந்த மேசையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

வாசிப்பு வட்டத்தில்

படத்தின் நடுவே ஒரு வாசிப்பு வட்டம் வருகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் 'மடம் பொவாரி' நாவலைப் பற்றிப் பெண்கள் கலந்துரையாடுகிறார்கள். 1857 இல் ஒழுக்கக்கேடு என்று வழக்குத் தொடரப்பட்டு, பின் விடுதலை பெற்ற நாவல் அது. சலிப்பான திருமணத்திலிருந்து தப்ப நினைத்து வேறு ஆண்களை நாடி, கடனில் மூழ்கி, இறுதியில் நஞ்சருந்தும் ஒரு மருத்துவரின் மனைவியின் கதை.

வட்டத்தில் ஒருத்தி அவளை நடத்தை கெட்டவள் என்கிறாள். சாரா மறுக்கிறாள். மகிழ்ச்சியற்ற வாழ்வை ஏற்க மறுத்து, வேறொரு வாழ்வுக்காகப் பசித்தவள் அவள் என்று வாதாடுகிறாள். அந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஆனால் சாரா தனக்காகவே வாதாடுகிறாள் என்பதும், அந்த நாவலில் தாயின் மறைவுக்குப் பின் ஒரு பெண்பிள்ளை அநாதையாகி ஆலைக்கு வேலைக்குப் போகிறது என்பதும் நினைவில் வைக்க வேண்டியவை. பசி உண்மையானது. ஆனால் அந்தப் பசிக்கு நாம் எதைப் பிடுங்கி உண்கிறோம் என்பது வேறு கேள்வி.

ஊரின் கோபம்

படத்தில் இன்னொரு கதையும் ஓடுகிறது. சிறுபிள்ளை ஒன்றின் முன் அநாகரிகமாக நடந்த குற்றத்துக்காகச் சிறை சென்று திரும்பிய ரொனி, தன் வயதான தாயோடு அந்த ஊரில் வாழ்கிறான். எழுபதுகளில் சிறுவர் நடிகராக அறியப்பட்டு, பின் பல வருடங்கள் திரையிலிருந்து மறைந்திருந்த ஜக்கி ஏர்ள் ஹேலி இதில் நடித்துள்ளார். ஊர் முழுவதும் அவனுடைய முகத்தோடு சுவரொட்டிகள். ஒரு நாள் அவன் நீச்சல் தடாகத்தில் இறங்கியதும், தாய்மார் கூச்சலிட்டுப் பிள்ளைகளை வெளியே இழுக்கிறார்கள். பொலிசார் வந்து அவனை அழைத்துச் செல்கிறார்கள்.

இவனை நல்லவனாக்கப் படம் முயலவில்லை. தாய் தேடிக் கொடுத்த சந்திப்பில்கூட, ஏற்கெனவே மனம் நொந்த ஒரு பெண்ணை அவன் அவமானப்படுத்துகிறான். அவனைக் குறித்த அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்தைப் பயன்படுத்துபவர்களையும் படம் காட்டுகிறது. லரி என்பவன் முன்னாள் பொலிஸ்காரன். விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த ஒரு சிறுவனை உண்மையான ஆயுததாரி என எண்ணிச் சுட்டுக் கொன்றவன். தன் குற்றத்தைத் தாங்க முடியாமல், இரவில் ரொனியின் வீட்டு வாசலில் நின்று ஒலிபெருக்கியில் கத்துகிறான். அந்தக் கைகலப்பில் ரொனியின் தாய் விழுந்து, வைத்தியசாலையில் இறந்துபோகிறார். மகன் நல்லவனாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதலை ஒரு கடதாசியில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்.

ஒரு சமூகப் பணியாளராக எனக்கு இப்பகுதி முக்கியமானது. பிள்ளைகளுக்கு ஆபத்து வெளியிலிருந்து, முகம் தெரிந்த ஒரு 'கெட்டவனிடமிருந்து' மட்டுமே வரும் என்று ஊர் நம்ப விரும்புகிறது. சுவரொட்டி ஒட்டினால் கடமை முடிந்துவிடுகிறது. ஆனால் சிறுவர் துஷ்பிரயோகச் சம்பவங்களில் பெரும்பாலானவை பிள்ளைக்குத் தெரிந்தவர்களாலேயே நிகழ்கின்றன என்பது எமது துறையில் உள்ளவர்கள் எல்லோரும் அறிந்தது. அத்தோடு, கவனிப்பாரின்றி வளர்வதும் பிள்ளைக்கு நேரும் ஆபத்துத்தான். ரொனியைப் பார்த்துக் கத்திய அந்த ஊரில், எத்தனை வீடுகளில் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக் கதைக்க ஆளில்லை என்று படம் கேட்காமல் கேட்கிறது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகச் சந்தேகம் இருந்தால், எமது நாட்டில் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அறிவிக்கலாம். கிணத்தடியில் கதைப்பதைவிட அது பயனுள்ளது.

ஓர் இரவு

சாராவும் பிராட்டும் ஊரைவிட்டு ஓடிப்போகத் தீர்மானிக்கிறார்கள். இரவு, அதே பூங்காவில் சந்திப்பதாக ஏற்பாடு. சாரா லூசியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். காத்திருக்கிறாள். பிராட் வரவில்லை. வந்தவன் ரொனி. தாயை இழந்த வெறியில் தன் உடலையே கத்தியால் வெட்டிக்கொண்டு, இரத்தம் வழிய ஊஞ்சலில் அமர்ந்து அழுகிறான். சாரா அவனைப் பார்க்கிறாள். அச்சத்தை மீறி இரக்கம் வருகிறது. திரும்பிப் பார்க்கும்போது பிள்ளையைக் காணவில்லை.

நான் கதையை நிறுத்தவில்லை. ஆனால் வகுப்பில் தையல் இயந்திரங்கள் நின்றுவிட்டன. எல்லோரும் ஓர் அம்மாவின் பக்கம் பார்த்தார்கள். அவருடைய மகனை 2009 ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார். இக்கதையை இங்கே சொன்னது தவறோ என்று எனக்கு நெஞ்சு இடித்தது. அவர் என்னைப் பார்த்து, "பிள்ளை கிடைச்சுதோ?" என்று மட்டும் கேட்டார்.

"கிடைச்சிட்டுது அம்மா. தெருவிளக்கின்ர வெளிச்சத்தில பூச்சியள் சுத்திறதைப் பார்த்துக்கொண்டு நிண்டது."

"அப்ப சரி" என்றார். பிறகு, "அவள் இனி வீட்டை போகட்டும்" என்றார்.

சாரா பிள்ளையை மார்போடு அணைத்து, காரில் இருத்தி, வீட்டுக்குப் போகிறாள். பிராட் என்ன ஆனான்? அவளிடம் வரும் வழியில், அந்தச் சறுக்குப்பலகை இளைஞர்கள் அவனை விளையாடக் கூப்பிடுகிறார்கள். ஓடிப் பாய்கிறான், விழுகிறான், நினைவிழக்கிறான். கண் விழித்ததும் மனைவியை அழைக்கச் சொல்கிறான். பூங்காவில் காத்திருப்பவளை அவன் மறந்தே போகிறான். ரொனியைத் தேடி வந்த லரி, இரத்த வெள்ளத்தில் அவனைக் கண்டு, வாழ்க்கையில் ஒரு முறையாவது சரியானதைச் செய்வோம் என்பதுபோல் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். நடந்துபோனதை மாற்ற முடியாது, வரப்போவதை மாற்றலாம், அதற்கு எங்காவது ஒரு தொடக்கம் வேண்டும் என்ற கருத்தோடு பின்னணிக் குரல் படத்தை முடிக்கிறது.

பொறுப்பு என்பது பொறுத்துப் போவதா?

இந்த முடிவை, 'கணவனிடம் திரும்பிப் போ, அதுதான் பெண்ணுக்கு அழகு' என்ற பழைய புத்திமதியாக எடுத்துக்கொள்ளலாகாது. படம் அப்படிச் சொல்லவில்லை. சாரா கணவனிடம் திரும்பவில்லை, பிள்ளையிடம் திரும்புகிறாள். அடுத்த நாள் ரிச்சர்ட்டோடு வாழ்ந்தாளா, பிரிந்தாளா, படிப்பை முடித்தாளா என்று படம் காட்டவில்லை.

எமது மொழியில் பொறுப்பு, பொறுமை என்ற இரண்டு சொற்களும் ஒரே அடியிலிருந்து வருபவை. அதனால்தானோ என்னவோ, பெண்ணிடம் பொறுப்பாக இரு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டு இரு என்பதையே கருதுகிறார்கள். ஆணின் பொறுப்பின்மைக்கு 'அவன் அப்பிடித்தான்' என்று ஒரு சொல் போதும். பெண்ணுக்கோ கிணத்தடி நீதிமன்றம். இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது, அது எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதுதான். திரைக்குள் ஒளிந்த ரிச்சர்ட்டிடமும், பரீட்சையிலிருந்து ஓடும் பிராட்டிடமும், குற்றத்தை மறைக்கக் கத்தும் லரியிடமும், கனவில் வாழும் சாராவிடமும்: நீ செய்ததை, நான் செய்தேன் என்று எப்போது சொல்லப் போகிறாய்? அதைச் சொல்லும் நாளில்தான் ஒருவர் வளர்ந்தவராகிறார்.

எம்மில் பலர் பன்னிரண்டு, பதினைந்து வயதிலேயே வளர்ந்துவிட்டவர்கள். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், பதுங்குகுழிக்குள் சமைத்தவர்கள். எமக்குப் பொறுப்பை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் பொறுப்பின் பெயரால் அடியையும் கைவிடலையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுமில்லை. வீட்டில் வன்முறை இருந்தால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். விட்டுப் போன தகப்பனிடமிருந்து பிள்ளைக்குத் தாபரிப்புப் பணம் பெற 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. பெற்றோர் சட்டப்படி மணம் முடித்திருக்காவிட்டாலும் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. "நான் அந்தக் கேத்தி" என்று சொன்ன சகோதரிக்கு இது தெரிந்திருக்கவில்லை. அதற்கான விண்ணப்பத்தை அடுத்த கிழமை இருவரும் சேர்ந்து நிரப்பினோம்.

கதை முடிந்த அன்று, மின்குமிழ் பூட்டிய கதை சொன்ன இளம் பெண், "அவள் திரும்பவும் அந்தப் பூங்காவுக்குப் போயிருப்பாளோ, மிஸ்? அந்தப் பொம்பிளையள் இருக்கிற வாங்குக்கு?" என்று கேட்டாள். பிள்ளை விளையாட வேண்டுமென்றால் போகத்தான் வேண்டும் என்றேன்.

"அப்ப அவளுக்குப் பக்கத்தில போய் இருக்க ஒருத்தியாவது வேணும்" என்றாள்.

உங்கள் ஊரின் கிணத்தடியிலும் சங்கக் கூட்டத்திலும் அப்படித் தனியே இருக்கும் ஒருத்தி இருக்கக்கூடும். அவளைப் பற்றி என்ன கதைக்கிறோம், அவளோடு என்ன கதைக்கிறோம் என்று இந்த மாதம் உங்கள் குழுவில் ஒரு முறை பேசிப் பாருங்கள்.